பழைய ஆம்னியைத் தோட்டத்து வண்டியாக்க: வெட்ட வேண்டாம், கழற்றினால் போதும்

கேள்வி சுருக்கமாக இதுதான். தாராபுரம் பக்கம் நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு, இரண்டு கறவை மாடு, பத்துப் பன்னிரண்டு வெள்ளாடு. அப்பா வைத்திருந்த 2008 மாருதி ஆம்னி வேன் மூன்று வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா, இல்லை பின்பக்கக் கூரையை வெட்டிச் சின்ன பிக்கப் போல ஆக்கித் தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாமா? வெல்டிங் பட்டறையில் 35,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். ஆடு ஏற்றவும் அந்த வண்டி ஆகுமா?

தகரம் நன்றாக இருந்தால் இரும்புக்குப் போடாதீர்கள். கூரையை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டாதீர்கள். அந்த 35,000-இல் பாதி கூட இல்லாமல் நல்ல தோட்டத்து வண்டி கிடைக்கும். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு பழைய ஆம்னியை எட்டு வருடமாக இப்படித்தான் வைத்திருக்கிறேன். அதில் செய்த சரியையும் தவறையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வெட்டக் கூடாது என்பதற்கு முதல் காரணம் வண்டியின் உடம்பு. லாரிக்கும் ஜீப்புக்கும் கீழே தனியாக ஒரு கனத்த சட்டம் ஓடும். ஆம்னிக்கு அது கிடையாது. தரை, பக்கத் தகரம், கூரை மூன்றும் சேர்ந்துதான் எலும்பு. தீப்பெட்டியின் மேல் கூட்டை நினைத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் இருக்கும் வரை விரலால் அமுக்கினாலும் நிற்கும். ஒரு பக்கத்தைக் கத்தரித்துவிட்டால் தானாகவே சாய்ந்துவிடும். கூரையை எடுத்த ஆம்னியில் சுமை ஏற்றினால் நடுவில் தொய்யும். தள்ளு கதவுகள் மேல் தண்டவாளத்திலும் ஓடுவதால் அவையும் சிக்கிக்கொள்ளும். அதைச் சரிக்கட்ட பட்டறைக்காரர் கீழே இரும்புச் சேனல் வைத்துப் பற்றவைப்பார். அந்த இரும்பின் எடை நீங்கள் ஏற்ற வேண்டிய சுமையில் கழிந்துவிடும்.

இரண்டாவது காரணம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று போட்டிருக்கிறார்கள். 'பதிவு இல்லாவிட்டால் என்ன, தோட்டத்துக்குள்ளேதானே ஓட்டப் போகிறேன்' என்று நிறையப் பேர் சொல்வார்கள். பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் மட்டுமல்ல, வேறு எந்த இடத்திலும் ஓட்டக் கூடாது என்றுதான் 39-ஆவது பிரிவு சொல்கிறது. எப்படியும் உங்கள் தோப்புக்கும் வீட்டுக்கும் நடுவே ஊர் ரோடு இருக்கத்தான் செய்யும்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியம். ஆம்னியின் பலமே அந்தக் கூரையும் இரண்டு பக்கத் தள்ளு கதவும் தாழ்ந்த தரையும்தான். திறந்த தொட்டி வண்டி வேண்டுமென்றால் ஊரில் ஆயிரம் இருக்கிறது, வாடகைக்குக் கூப்பிட்டால் வந்துவிடும். மழையில் நனையாமல் தீவனம் கொண்டு வரவும், குறுகலான பாதையில் எந்தப் பக்கமும் கதவைத் தள்ளிவிட்டு மூட்டையை இறக்கவும், பூட்டிவிட்டுப் போகவும் இந்த வண்டிதான் ஆகும். இதைச் சின்ன லாரி என்று நினைக்க வேண்டாம். சக்கரம் வைத்த கொட்டகை என்று நினையுங்கள்.

இதன் பிறப்பும் அப்படிப்பட்டதுதான். 1984-இல் மாருதி வேன் என்று வந்து, 1988-இல் ஆம்னி என்று பெயர் மாறி, 2019-இல் நின்றுபோன இந்த வண்டி, ஜப்பானின் சுஸுகி கேரி என்ற சின்ன வண்டியின் வழியில் வந்தது. அங்கே சின்ன வண்டிகளுக்குத் தனிச் சட்டம் உண்டு. நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், எஞ்சின் 660 சி.சி. தாண்டக் கூடாது. ஜப்பானிய நெல் விவசாயிகள் வரப்போரப் பாதைகளில் ஓட்டுவது இந்தச் சின்ன லாரிகளைத்தான். நீள அகலத்தில் நம் ஆம்னியும் அதே அளவுதான்: நீளம் சுமார் 3.37 மீட்டர், அகலம் 1.41 மீட்டர். எஞ்சின்தான் கொஞ்சம் பெரிது: 796 சி.சி., மூன்று சிலிண்டர், பின் சக்கர இழுவை. தென்னை வரிசைக்கு நடுவே நுழைந்து திரும்பி வர இதைவிடத் தோதான நான்கு சக்கர வண்டியை நான் பார்த்ததில்லை.

சரி, எதற்கும் காசு செலவழிக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பின் இருக்கைகளைக் கழற்றி, தரை விரிப்பையும் அதன் கீழ் ஒட்டியிருக்கும் பஞ்சையும் முழுதாக உரித்தெடுங்கள். தட்டையான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றும் டார்ச்சும் போதும். தரைத் தகரத்தில் துரு தெரியும் இடங்களில் அழுத்திக் குத்திப் பாருங்கள். மேலே மட்டும் துரு என்றால் டங்கென்று சத்தம் வரும். அரித்துப்போன இடத்தில் அப்பளம் போல உள்ளே இறங்கும். தள்ளு கதவின் கீழ்த் தண்டவாளம், பின் சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகரம், பின்கதவின் கீழ் ஓரம், ஜாக்கி வைக்கும் இடம், இவைதான் முதலில் போகும். அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து, நீளவாக்கில் ஓடும் பெட்டி வடிவ மடிப்புகளையும், பின் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடங்களையும் பாருங்கள்.

தரையில் உள்ளங்கை அளவுக்கு இரண்டு ஓட்டை இருந்தால் கவலை இல்லை. புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்துக்கொள்ளலாம். பட்டை மாட்டும் இடமோ நீளவாக்கு மடிப்போ அரித்திருந்தால் இந்தப் பதிலை இதற்கு மேல் படிக்க வேண்டாம். அந்த வண்டியில் சுமை ஏற்றுவது ஆபத்து. இரும்புக்குப் போட்டுவிடுங்கள். அப்பா ஓட்டிய வண்டி என்று மனசு கேட்காதுதான். அதற்காக அரித்த வண்டியில் உங்கள் உயிரை வைக்க முடியாது.

அடுத்தது எடை. இதில்தான் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள், நானும் செய்தேன். ஆம்னியின் காலி எடை சுமார் 800 கிலோ. எட்டுப் பேர் உட்காரும் வண்டி என்று விற்றார்கள் என்றால், எட்டுப் பேரின் எடை ஐந்நூற்றுச் சொச்சம் கிலோ. அது புது வண்டிக்கு, தார் ரோட்டுக்கு. பதினேழு பதினெட்டு வருடம் ஓடிய வண்டிக்கு, குண்டும் குழியுமான தோட்டப் பாதையில், ஓட்டுபவரையும் சேர்த்து 400 கிலோ என்று நான் வரம்பு வைத்திருக்கிறேன். ஓட்டுபவர் 70, பின்னால் போடும் தரையும் தடுப்பும் 30 என்று கழித்தால் மிச்சம் 300 கிலோ. ஜப்பானில் அந்தச் சின்ன லாரிகளுக்கே 350 கிலோதான் சட்டப்படி உச்ச சுமை. அதனால் இந்த 300-ஐக் கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம்.

300 கிலோ என்றால் என்ன? 50 கிலோ தீவன மூட்டை ஆறு. யூரியா மூட்டை இப்போது 45 கிலோ, அதுவும் ஆறு. உங்கள் தோப்புக் கணக்கையே போடலாம். ஏக்கருக்கு 70 மரம் என்றால் 280 மரம். காய்க்கும் மரத்துக்கு வருடத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறது. இரண்டு தவணையாக வைத்தால் ஒரு தவணைக்கு எல்லாம் சேர்த்து 740 கிலோ சொச்சம், அதாவது மூன்று நடை. ஒரு நாள் காலையில் முடிந்துவிடும். மட்டையோடு தேங்காய் என்றால் ஒரு நடைக்கு இருநூறு காய். அதற்கு மேல் பறித்த அன்று வியாபாரியின் வண்டி வரட்டும்.

தண்ணீர் மட்டும் தனி விஷயம். இரண்டாவது வருடக் கோடையில் 500 லிட்டர் தொட்டி ஒன்றைப் பின்னால் வைத்து, பாதி நிரப்பி, நாற்றுக்கு ஊற்றக் கொண்டு போனேன். பாதிதானே, 250 கிலோதானே என்ற கணக்கு. கீழ்பவானி வாய்க்கால் கரையில் இடது பக்கம் திரும்பியபோது தொட்டிக்குள் இருந்த தண்ணீர் முழுக்க வலது பக்கச் சுவருக்கு ஓடியது. வண்டியின் இடது பின் சக்கரம் தரையை விட்டதை இருக்கையில் உட்கார்ந்தபடியே உணர்ந்தேன். வேகம் பதினைந்தைத் தாண்டியிருக்காது. பக்கத்தில் என் மகன் இருந்தான். வீட்டுக்கு வந்ததும் தொட்டியை இறக்கினேன், அதை மறுபடி ஏற்றவே இல்லை. தண்ணீர் கொண்டு போக வேண்டுமென்றால் மூடி உள்ள 50 லிட்டர் கேன்களில் முழுதாக நிரப்பி, நான்கு கேன். முழுதாக நிரம்பிய கேனில் தண்ணீர் ஆடாது. மருந்தடிக்க 200 லிட்டர் டிரம் வேண்டுமென்றால் காலி டிரம்மோடு போய், அடிக்கும் இடத்தில் நிறுத்தி, அங்கே இருக்கும் போர் குழாயில் நிரப்புங்கள்.

சுமையை எங்கே வைக்கிறோம் என்பதும் எடை அளவுக்கு முக்கியம். கனமான மூட்டையை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் அடுக்குங்கள். ஏற்றுவது சுலபம் என்று பின்கதவு ஓரத்திலேயே அடுக்கினால் முன் சக்கரத்தில் அழுத்தம் குறைந்து ஸ்டியரிங் மிதக்கும். தள்ளு கதவு இருப்பதே இதற்குத்தான். பக்கவாட்டில் ஏற்றிப் பழகுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். உரித்த தரையைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, துரு மாற்றும் திரவம் பூசி, எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட் அடியுங்கள். மூலைகளில் இடுக்கை அடைக்கும் சீலர் போடுங்கள். இதில் அவசரப்பட வேண்டாம், காய இரண்டு நாள் விடுங்கள். அதன் மேல் 12 மி.மீ. மெரைன் பிளைவுட். எட்டடிக்கு நான்கடிப் பலகை ஒன்று போதும். தரையிலிருந்து உரித்த பழைய விரிப்பையே அளவு அச்சாக வைத்து வெட்டலாம். வெட்டின ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் பெயின்ட் அடிக்காமல் உள்ளே வைக்காதீர்கள். பிளைவுட் ஓரத்தில் இருந்துதான் தண்ணீரைக் குடிக்கும். அதன் மேல் 2 மி.மீ. அலுமினிய செக்கர் ஷீட், அதாவது மேலே சின்னச் சின்ன புடைப்பு உள்ள தகடு.

பட்டறையில் இரும்பு செக்கர் ஷீட் போடச் சொல்வார்கள், விலை குறைவு என்று. 3 மி.மீ. இரும்பு ஷீட் சதுர மீட்டருக்கு 25 கிலோ வரும். ஆம்னியின் பின் தரைக்கு 45 கிலோ. பிளைவுட்டும் அலுமினியமும் சேர்ந்தே 25 கிலோதான். வித்தியாசம் 20 கிலோ, ஒவ்வொரு நடையிலும், வண்டி இருக்கும் வரை.

தரையில் போல்ட்டுக்குத் துளை போடுவதற்கு முன் கீழே குனிந்து பெட்ரோல் தொட்டி, பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் எங்கே ஓடுகிறது என்று சாக்பீஸால் மேலேயே குறித்துக்கொள்ளுங்கள். கூடுமானவரை புதுத் துளையே வேண்டாம். இருக்கை மாட்டியிருந்த துளைகள் போதும். அவை மனித எடையைத் தாங்க வைத்தவை, அடியில் தகரம் கனமாக இருக்கும். அதே துளைகளில் வளைய போல்ட் மாட்டினால் கயிறு கட்டும் இடமும் ஆயிற்று. சீட் பெல்ட் மாட்டியிருந்த இடங்களும் அப்படியே உதவும். கயிற்றைவிட, கைப்பிடியால் இழுத்து இறுக்கும் ராட்செட் பட்டை நல்லது. லாரிச் சாமான் கடையில் கிடைக்கும். இப்படிச் செய்தால் எல்லாமே போல்ட்டில் நிற்கும். ஒரு மணி நேரத்தில் கழற்றிப் பழைய இருக்கையை மாட்டலாம்.

பொட்டாஷ் பற்றி ஒரு வார்த்தை. அது குளோரைடு உப்பு. கடல் உப்பு இரும்பை என்ன செய்யுமோ அதையேதான் செய்யும். மூட்டையில் இருந்து ஒரு கைப்பிடி கொட்டி, அதில் மழை ஈரம் பட்டு, பலகைக்கு அடியில் இறங்கிவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் தகரம் அரித்துவிடும். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் இதே வேலையைச் செய்யும். அதனால் உரம் ஏற்றும் நாளில் பழைய தார்ப்பாய் ஒன்றை ஓரத்தை மடித்து விரித்து, அதன் மேல் அடுக்குங்கள். இறக்கியதும் தார்ப்பாயோடு எடுத்து உதறிவிடலாம். மாதம் ஒரு முறை பலகையைத் தூக்கி அடியில் தண்ணீர் ஊற்றிக் கழுவி வெயிலில் நிறுத்துங்கள். என் வண்டியின் தரை இன்னும் நன்றாக இருப்பதற்கு பெயின்ட்டைவிட இந்தக் கழுவல்தான் காரணம்.

தடுப்பு. பின் இருக்கையை எடுத்துவிட்டால் மூட்டைக்கும் உங்கள் தலைக்கும் நடுவே எதுவும் இல்லை. ரோட்டில் நாய் குறுக்கே வந்து பிரேக்கை அழுத்தினால் வண்டி நிற்கும், அடுக்கி வைத்த தேங்காய் நிற்காது. ஓட்டுபவரின் இருக்கைக்குப் பின்னால் முக்கால் அங்குலச் சதுரக் குழாயில் சட்டம் செய்து, வெல்ட் மெஷ் என்ற கம்பி வலை அடித்து, தரையில் நான்கு, பக்கத்தூணில் பழைய பெல்ட் போல்ட் இடத்தில் இரண்டு என்று மாட்டுங்கள். மெஷ் என்றால் பின்கண்ணாடி வழியாகப் பார்க்க முடியும், காற்றும் வரும். இந்த ஒரு வேலையை மட்டும் 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளாதீர்கள். இது மாட்டும் வரை முதல் மூட்டையை ஏற்ற வேண்டாம்.

பின்கதவு மேலே தூக்கித் திறப்பதால் அதுவே நிழல். நான் அதன் உள்பக்கத்தில் ஒரு எல்.ஈ.டி. பட்டியும், வலது பக்கச் சுவரில் அரைச் சாண் அகலத்துக்கு ஒரு பிளைவுட் அலமாரியும் வைத்திருக்கிறேன். சொட்டுநீர்க் குழாய்க்கான இணைப்புகள், டேப், கத்தரி, ஸ்பேனர் எல்லாம் அதில் இருக்கும். குழாய் உடைந்தது என்றால் சாமானைத் தேடி வீட்டுக்கு நடக்க வேண்டியதில்லை. வண்டியைக் கொண்டு போய் நிறுத்தி, கதவைத் தூக்கினால் பட்டறை. விளக்குக்கு பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே தனி ஃபியூஸ் போடுங்கள். ஏற்கெனவே இருக்கும் வயரை உரித்து ஒட்டினால் என்றைக்காவது புகையும். பெட்ரோல் வண்டியில் அது விளையாட்டு இல்லை.

2016-இல் பொள்ளாச்சியில் சுருள் வெள்ளை ஈ வந்த பிறகு தென்னை வைத்திருக்கும் எல்லோரும் கீழ் ஓலைகளின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறோம். உங்களுக்கும் அந்த வேலை இருக்கும். அதற்கான பெட்ரோல் எஞ்சின் ஸ்பிரேயரையும் 100 மீட்டர் ஹோஸ் குழாயையும் ஆம்னியில் கொண்டு போவது சுகம். கீழே இறக்கி வைத்து ஓட்டுங்கள். 'தூக்குவானேன், உள்ளேயே ஓடட்டும்' என்று விட்டால் புகை கூண்டுக்குள் நிறையும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலைசுற்றும்போதுதான் தெரியும். பூச்சி மருந்துப் பாட்டில்களும் அப்படித்தான். மூடி இருந்தாலும் உங்களோடு ஒரே அறையில் வரக் கூடாது. மேலே சின்ன கேரியரில் பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று வைத்து அதில் போட்டுவிடுங்கள். தீவன மூட்டையோடு அதே நடையில் மருந்தை ஏற்றவே கூடாது.

கேரியர் என்றதும் பி.வி.சி. குழாய் ஞாபகம் வரும். குழாய் 6 மீட்டர், வண்டி 3.37 மீட்டர். முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டு ரோட்டில் போவது அடுத்தவர் உயிருக்கு ஆபத்து. கடையிலேயே 3 மீட்டராக வெட்டி வாங்குங்கள், இல்லை என்றால் அன்றைக்கு வாடகை வண்டி.

ஆடு ஏற்றுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். நான்கைந்து வெள்ளாடு தாராளமாக நிற்கும். அலுமினியத் தரை வழுக்கும் என்பதால் சாக்கு விரித்து மேலே வைக்கோல் போடுங்கள். காலைக் கட்டிப் படுக்கப்போட வேண்டாம். கண்ணாடியைத் திறந்து வைத்து, வெயில் ஏறும் முன் கிளம்பிவிடுங்கள். நிறுத்திய ஆம்னியின் தகரம் வெயிலில் அடுப்பு போல் காயும். டீ குடிக்க நிறுத்தினால் நிழலில் நிறுத்தி இரண்டு கதவையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கன்றுக்குட்டியைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போக இந்தத் தாழ்ந்த தரை பெரிய உதவி. வளர்ந்த மாட்டுக்கு இந்த வண்டி ஆகாது.

டயர் 145 ஆர் 12 அளவு. டாடா ஏஸுக்கும் அதே அளவுதான் என்பதால் சுமை வண்டிக்கான எல்.டி. வகை டயர் எல்லா ஊரிலும் கிடைக்கும். பின்னால் இரண்டுக்கு அதைப் போடுங்கள். ஸ்பிரிங் பட்டையில் ஒன்று கூடுதலாக ஏற்றச் சொல்வார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. பட்டை ஏற்றினால் 'தாங்குகிறதே' என்று சுமையும் ஏறும், பிரேக்கும் அச்சும் அதே பழையதுதான். காலியாகப் போகும்போது பின்பக்கம் குதித்து, பிரேக் பிடித்தால் வழுக்கும். இருக்கும் பட்டையில் விரிசல் இருந்தால் மாற்றுங்கள், புஷ்ஷையும் ஷாக்கையும் புதுசாகப் போடுங்கள், அது போதும். செம்மண்ணில் மழை விட்டு மறுநாள் ஓட்டலாம். கரிசல் என்றால் மூன்று நான்கு நாள் இறக்காதீர்கள். பின் சக்கர இழுவை என்பதால் காலி வண்டி சேற்றில் சுற்றும். பின்னால் இரண்டு மூட்டை இருந்தால் ஏறிவிடும்.

எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. இருக்கையைத் தூக்கினால் எட்டும். தோட்டத்தில் முதல் கியரிலும் இரண்டிலும் ஊர்ந்துகொண்டே இருப்பதால் ரேடியேட்டருக்குக் காற்று போதாது. மூன்று வருடம் நின்ற வண்டி என்பதால் எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் திரவத்தை முழுதும் வடித்து மாற்றுங்கள். ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடுகிறதா என்று நிறுத்தி வைத்துப் பாருங்கள். தொட்டியில் இருக்கும் பழைய பெட்ரோலை வெளியே வடித்துவிட்டுத் தொட்டியைக் கழுவுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயை ஊதவைக்கும். குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டு, வாரம் இரண்டு முறையாவது வண்டியை எடுங்கள். கிளட்சில் கால் வைத்தபடி ஊர்வது வேண்டாம், தோட்டத்து வண்டிகளில் முதலில் தீர்வது அதுதான்.

எலி பெரிய தொல்லை. இரவில் சூடான எஞ்சினைத் தேடி வந்து வயரைக் கடிக்கும். தீவனம் ஏற்றிய அன்றைக்கே தரையைப் பெருக்கிவிடுங்கள், ஒரு பிடி மக்காச்சோளம் கிடந்தால் போதும், குடும்பமாக வந்துவிடும். வைக்கோல் போரை ஒட்டி நிறுத்தாமல், நான்கு பக்கமும் வெறும் தரை தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள்.

காகிதங்கள். 2008 வண்டிக்கு 15 வருடப் பதிவு 2023-இல் முடிந்திருக்கும். அப்பா புதுப்பித்தாரா என்று ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். இல்லையென்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். கார் வகைக்கு 600 ஆக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. பசுமை வரியும், தாமதத்துக்கான கட்டணமும் தனி. இதை முதலிலேயே கணக்கில் சேருங்கள். வண்டி அப்பா பெயரில் இருந்தால் பெயர் மாற்றத்தையும் கையோடு முடியுங்கள். ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை எழுதியிருக்கும். பின் இருக்கையை நிரந்தரமாக எடுப்பதாக இருந்தால், புதுப்பிக்கப் போகும்போதே அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி பதிவில் மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் தோட்டத்துச் சாமான் மட்டும் ஏற்றுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு வாடகைக்கு ஒரு நடை அடித்தாலும் அது வேறு வகை வண்டியாகிவிடும், விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இருக்கை இல்லாத அந்தப் பின்பக்கத்தைப் பார்த்ததும் களையெடுக்க வருபவர்களை ஏற்றிக்கொண்டு வரலாம் என்று தோன்றும். 'நாலு பேர்தானே, பக்கத்து ஊர்தானே' என்று அவர்களே கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் அப்படிப் போய் வந்த ஒரு வண்டி பாலத்துச் சுவரில் மோதியபோது தரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் எலும்பு முறிந்தது. முன்னால் பெல்ட் போட்டு இருந்த இருவரும் நடந்தே வெளியே வந்தார்கள். அன்றிலிருந்து என் வண்டியில் தடுப்புக்குப் பின்னால் ஆள் ஏறுவதில்லை. வேலைக்கு வருகிறவர்களுக்கு பஸ் காசும், பஸ் இல்லாத நாளில் ஆட்டோ காசும் கொடுத்துவிடுகிறேன்.

தரையை உரித்துக் குத்திப் பார்த்துவிட்டு என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். அந்த நீளவாக்கு மடிப்புகளும் பட்டை மாட்டும் இடமும் எப்படி இருக்கிறது என்பதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.